ஆறு மணி அளவு

ஜூலை 24, வியாழன்

நேற்று ராத்திரி தங்கச்சி கனி வீட்டில் தங்கிவிட்டு, இன்றைக்கு உச்சி நேரத்துக்குத்தான் அணைக்கு வந்து சேர்ந்தேன். ஆடி அமாவாசை என்பதால் பஸ்ஸில் நிற்க இடமில்லை. காலை மிதித்த ஒரு பொம்பளைக்கும் எனக்கும் வழி முழுக்க வாய்ச்சண்டை. அந்தக் கடுப்பிலேயே ஆபீஸ் கதவைத் தள்ளித் திறந்தேன்.

உள்ளே இலை போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் மேசைக்கு முன்னால் தரையில் தலைவாழை இலை, சோறு, வாழைக்காய்ப் பொரியல், அவித்த மொச்சை, ஒரு செம்புத் தண்ணீர், ஒரு கட்டு பீடி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்த காற்றில் அணைந்துவிட்டது.

மாசானம் அண்ணாச்சி குழாயடியிலிருந்து ஓடி வந்தார். இங்கே ஷட்டர் ஏற்றி இறக்குகிற லஸ்கர் அவர். "தட்டாம தெறந்துட்டியே தாயீ" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

இலை இசக்கியப்பனுக்காம். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்தவர். அவரும் லஸ்கர்தான், இந்தக் காட்டுக்குள் வர எந்தக் கம்ப்யூட்டர் ஆளும் சம்மதிக்காததால் அவரே கற்றுக்கொண்டு தினம் காலை ஆறு மணிக்கு அணையின் நீர்மட்ட அளவை நெட்டில் ஏற்றியிருக்கிறார். போன ஐப்பசி மழையில் அளவு பார்க்கப் படியில் இறங்கியவர் திரும்பி ஏறவில்லை. ஆற்றில் கீழே இருக்கிற தடுப்பணையில்தான் உடலை எடுத்தார்கள். பெண்டாட்டி பிள்ளை என்று யாரும் கிடையாது.

"படைச்சா கதவச் சாத்திப்போட்டு அவிய சாப்பிட்டு முடிக்க நேரம் குடுக்கணும். தெறக்கதுக்கு மின்ன தட்டணும். பாதிப் பந்தியில எழுப்பி விட்ட மாதிரிலா ஆயிட்டு" என்றார் அண்ணாச்சி.

"கவர்மெண்ட் ஆபீஸ்ல சோத்த வச்சது யாரு தப்பு? எனக்கு அளவு ஏத்தணும், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு இலையைச் சுற்றிப் போய் உட்கார்ந்தேன். அவர் இலையை எடுத்துக்கொண்டு போனார். காக்கா வரவில்லையாம். குரங்கு வந்து தின்றதாம். நல்லது, யாருக்கோ வயிறு நிறைந்தது.

ஜூலை 28, திங்கள்

நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் ஏதோ அப்டேட் கேட்டது. சரி என்று அமுக்கிவிட்டுப் பின்னாலிருக்கிற குவார்ட்டர்ஸுக்குத் தூங்கப் போனேன். காலையில் வந்து பார்த்தால் ஸ்கிரீன் படம் முதல் எழுத்து வரைக்கும் எல்லாம் புதுசு. பிரவுசர் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. அமுக்கினால் ஒரு பெட்டி வருகிறது, இங்கிலீஷில். இந்தக் கணக்கை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார், அதனால் பூட்டி வைத்திருக்கிறேன் என்று சொல்கிறது. அந்தக் கம்ப்யூட்டரின் பெயரும் போட்டிருக்கிறது. இசக்கியப்பன்.

பிரவுசர் இல்லாவிட்டால் அளவு ஏற்ற முடியாது. அளவு ஏறாவிட்டால் மாவட்டக் கண்ட்ரோல் ரூமில் குதிப்பார்கள். என் காண்ட்ராக்ட் இந்த ஆகஸ்டோடு முடிகிறது. நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாத நேரத்தில்தானா இது வரவேண்டும்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற ஜெரால்டு தம்பிக்குப் போன் போட்டேன். சிரித்தான். "பயந்துட்டீங்களா அக்கா? அந்த மிஷினை முதல்ல போட்டுக் குடுக்கும்போது அதுக்கு அவர் பேரத்தான் வச்சிருந்தோம். இப்ப அப்டேட்டுல மிஷின் பேரு மாறிட்டு. பிரவுசர் பழைய பேரப் பாத்துட்டு, அது வேற ஆளு, அவரு இன்னும் உள்ள இருக்காருன்னு நெனைக்கி. ஒரு பூட்டு ஃபைல் கெடக்கும். அத அழிச்சா தெறந்துரும்."

"அப்போ அழிக்கது எப்படின்னு சொல்லு."

"நீங்க கை வைக்காதீங்க. தப்பா அழிச்சா உள்ள இருக்க பாஸ்வேர்டும் போயிரும், அப்புறம் சென்னைக்கு எழுதிப் போட்டு வாங்கணும். தங்கச்சி கல்யாணம் முடிச்சுட்டு நானே வாறேன்."

அளவைப் போனிலாவது சொல்லிவிடலாம் என்று கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டேன். பரமார்த்தலிங்கம் சார் எடுத்தார். "அதான் அளவு வந்துட்டுல்லாம்மா. நாப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு. ஆறு மணிக்கே வந்துட்டு" என்றார்.

நான் அப்போதுதான் படியேறி வந்திருந்தேன். நான் பார்த்த அளவும் நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

ஜூலை 29, செவ்வாய்

இன்றும் திறக்கவில்லை. இன்றும் அளவு போயிருக்கிறது. இசக்கியப்பன் ஏதோ தானாக அனுப்பும்படி செட் பண்ணி வைத்திருப்பார். எனக்கென்ன, வேலை மிச்சம்.

ஜூலை 31, வியாழன்

தானாக அனுப்புகிறது என்றால் அதற்குத் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று எப்படித் தெரியும்? நேற்று முழுக்க இதே யோசனை. இங்கே மிஷின் அளவுகோல் எல்லாம் கிடையாது. படித்துறைச் சுவரில் பெயின்ட்டில் எழுதின அடிக் கணக்குதான். ஆள் இறங்கிக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அதனால் இன்றைக்கு விடிந்ததும் முதல் ஆளாக இறங்கினேன். பாசி பிடித்த படியில் கால் வழுக்கி முழங்கை சிராய்த்துவிட்டது. நல்லவேளை, கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அளவு நாற்பத்திரண்டு புள்ளி ஏழு. யாரிடமும் சொல்லாமல் மேலே வந்து கண்ட்ரோல் ரூமுக்குப் போட்டேன்.

"நாப்பத்திரண்டு புள்ளி ஏழு, வந்துட்டு" என்றார் பரமார்த்தலிங்கம் சார். "ஏம்மா சக்தி, குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்குல்லா, அதுல என்னமும் எழுதாதன்னு சொல்லியிருக்கேன்லா. 'படி வழுக்குது, பாத்து'ன்னு போட்டிருக்கே. இது யாருக்கு, எனக்கா?"

"தெரியாம வந்துட்டு சார்" என்றேன். முழங்கையில் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டேன். எரிச்சல் ஆளைத் தின்கிறது.

ஆகஸ்ட் 2, சனி

கனி போன் பண்ணினாள். அவள் வீட்டுக்காரர் குடும்பத்துக் கோயிலில் பன்னிரண்டாம் தேதி கொடைத் திருவிழா. அணைக்குக் கீழே ஆறு இரண்டாகப் பிரிகிற இடத்து மணல் திட்டில் இருக்கிற மாடத்தி அம்மன் கோயில்தான். பிள்ளை தர்ஷித்துக்கு அன்றைக்குத்தான் முதல் முடியிறக்கு.

"எக்கா, பெரியம்மக்காரி நீ இல்லாம மொட்ட போட்டா நல்லாருக்காது. மதியக் கொடைக்காவது வந்துரு. தண்ணியப் பாக்கேன் தண்ணியப் பாக்கேன்னு அங்கனயே கெடந்தா தண்ணிப்பாம்பாத்தான் ஆகப்போற" என்றாள்.

வருகிறேன் என்றேன். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் போகிறது. திட்டுக்கு நடந்தே போய்விடலாம். அணை நாற்பத்தெட்டு அடி நிறைந்து, மிச்சத் தண்ணீர் மறுகால் வழியே விழுந்தால்தான் கீழே பயம். மேகமே இல்லை. சாரலும் நின்றுவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்றைய குறிப்பு: 'ஷட்டர் ரூம்ல பாம்பு.'

பரமார்த்தலிங்கம் சார் இந்த முறை திட்டவில்லை. "அடிச்சாச்சா?" என்று மட்டும் கேட்டார். நான் மாசானம் அண்ணாச்சியிடம், ஷட்டர் ரூமுக்குள் போகுமுன் கம்பால் தட்டிப் பாருங்கள் என்றேன். ஏன் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. சாக்குக்கு அடியில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்திருக்கிறது.

"எப்படித் தாயீ கண்டு சொன்ன?" என்றார். கனவு கண்டேன் என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

யாரோ என்னோடு விளையாடுகிறார்கள். பாஸ்வேர்டு தெரிந்த எவனோ, எங்கோ உட்கார்ந்துகொண்டு. ஜெரால்டுவைக் கேட்டால் அது உங்களுக்கும் செத்துப்போனவருக்கும் மட்டும்தான் தெரியும் என்கிறான். கல்யாண வீட்டு மேளச் சத்தம் போனில் காதைக் கிழித்தது.

இன்று சாயங்காலம் கம்ப்யூட்டருக்கு வருகிற நெட் வயரைப் பிடுங்கினேன். கரண்ட் வயரையும் பிடுங்கிச் சுருட்டிக் குவார்ட்டர்ஸுக்கே கொண்டுவந்துவிட்டேன். ஆபீஸைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாளைக்கு எப்படி அளவு போகிறது என்று பார்த்துவிடுகிறேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

போயிருக்கிறது.

நாற்பத்துநான்கு புள்ளி ஐந்து. நான் பார்த்ததும் அதுதான். குறிப்பில் என்ன இருக்கிறது என்று நானே கேட்டேன். பரமார்த்தலிங்கம் சார், "நீ எழுதினது ஒனக்குத் தெரியாதாம்மா? 'சாப்பாடு பாதியில'ன்னு போட்டிருக்கு. சாப்பாட்டப் பாதியில வச்சுட்டு அளவு ஏத்தணும்னு யாரு சொன்னா ஒன்ன? சாப்பிட்டு வந்து ஏத்து" என்றார். நல்ல மனுசன்.

சாவி தலையணைக்கு அடியில்தான் இருந்தது. பூட்டைத் திறக்கக் கை வரவில்லை. வாசல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன், வெயில் ஏறும் வரைக்கும்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அண்ணாச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். படி, பாம்பு, சாப்பாடு. மனுசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அவன் என்னைக்கும் ஆறு மணி அளவ விட்டதில்ல தாயீ. காய்ச்சல்னாலும் போர்வயப் போத்திக்கிட்டு எறங்குவான். அன்னைக்கு மட்டுந்தான் அளவு போகல" என்றார். பிறகு, "மறுபடி எல போட்டு முழுசா சாப்பிட வைக்கணும். நீதான் எழுப்பி விட்ட, நீதான் வைக்கணும்."

கொடை முடியட்டும் அண்ணாச்சி, பார்க்கலாம் என்றேன். உண்மையில் அந்த அறைக்குள் இலையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. பயமாக இருக்கிறது என்று எழுத மாட்டேன். தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

வயர்களை மறுபடி மாட்டிவிட்டேன். பிடுங்கி என்ன ஆகப்போகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாற்பத்துநான்கு புள்ளி ஐந்தோடு அப்படியே நிற்கிறது. வானம் கழுவிவிட்டது மாதிரி இருக்கிறது. கனி சத்தம் போட்டு வாங்கின பட்டுச்சட்டை பிள்ளைக்குப் பெரிசாம். நாளைக்கு அளவை முடித்துவிட்டு நேரே கோயிலுக்குப் போகவேண்டும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறேன். விட்டு விட்டுத்தான் வரும்.

காலையில் இறங்கிப் பார்த்தேன், நாற்பத்துநான்கு புள்ளி ஐந்து. மேலே வருவதற்குள் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"ஏம்மா, என்ன போட்டுத் தொலைச்சிருக்க?" பரமார்த்தலிங்கம் சார் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அம்பத்தொண்ணுன்னு ஏத்தியிருக்க. அணையே நாப்பத்தெட்டுலா. அம்பத்தொண்ணுன்னா மறுகாலுக்கு மேல மூணு அடி போகுதுன்னு அர்த்தம். கீழ ஊரு பூரா சங்கு ஊதிக் காலி பண்ணச் சொல்லணும். இங்க செவப்பு லைட் எரிஞ்சிட்டு நிக்கி. கை தவறிட்டுன்னா ஒடனே உள்ள போயித் திருத்து. தப்பு அலெர்ட் மேல போச்சுன்னா ஒங் காண்ட்ராக்ட் இந்த மாசத்தோட சரி, சொல்லிட்டேன்."

"குறிப்புல என்ன சார் இருக்கு?"

"குறிப்பா இப்ப முக்கியம்? 'ஆத்துல ஆளு இருக்கு'ன்னு இருக்கு."

திட்டில் கொடைக்கு ராத்திரியே ஆட்கள் போய்விட்டார்கள். கனி, பிள்ளை, மாமியார், மாமனார், நூறு நூற்றைம்பது பேர் இருக்கும். கனிக்குப் போட்டேன். மேளச் சத்தத்தில் அவள் எடுக்கவே இல்லை.

ஜெரால்டுவுக்குப் போட்டேன். அவன் இந்த முறை மறுக்கவில்லை. "அவசரம்னா நீங்களே அடிங்க அக்கா, ஒரே வரிதான், சொல்லுதேன்" என்று எழுத்தெழுத்தாகச் சொன்னான். காலண்டர்த் தாளைக் கிழித்து எழுதிக்கொண்டேன். அதை அடித்தால் பூட்டு போய்விடும். பிரவுசர் திறக்கும். ஐம்பத்தொன்றை எடுத்துவிட்டு நாற்பத்துநான்கு புள்ளி ஐந்தைப் போடலாம். நான் கண்ணால் பார்த்த அளவு அதுதானே. யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது.

வரியை அடித்தும் விட்டேன். கடைசிப் பொத்தானை மட்டும் அமுக்கவில்லை. ஜன்னல் வழியே வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தது. நாற்காலியில் இசக்கியப்பன் போட்டு வைத்திருந்த துண்டு அப்படியே கிடக்கிறது, நான் மேலே உட்கார்ந்து உட்கார்ந்து நைந்து போயிருக்கிறது. படி வழுக்குது என்றது, வழுக்கியது. பாம்பு என்றது, இருந்தது. இது மட்டும் பொய்யாகுமா?

அடித்த வரியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன்.

கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டு, "அளவு சரிதான் சார். நான்தான் போட்டேன்" என்றேன்.

"நெசமா சொல்லுதியா? வானம் வெளுத்துக் கெடக்கு."

"மலைக்கு மேல கெடக்காதுலா சார். நான்தான் போட்டேன்."

அதற்குப் பிறகு என் கையில் ஒன்றும் இல்லை. அபாயச் சங்கு ஊதியது. மாசானம் அண்ணாச்சியிடம் ஆபீஸை விட்டுவிட்டுத் திட்டுக்கு ஓடினேன். போலீஸ் ஜீப் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது, ஒரு ஆள் அசையவில்லை. அசைவார்களா? ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர், மேலே சுள்ளென்ற வெயில், நடுவில் வில்லுப்பாட்டு. சாமியாடுகிற கோமரத்தாடி அருள் வந்த முகத்தோடு, "எம்புள்ளையள என் எடத்த விட்டு எவன் எழுப்புவான்?" என்று வேல்கம்பை ஊன்றிக்கொண்டு நிற்கிறார். சாமியை எதிர்த்துப் போலீஸ்காரனே பேசவில்லை.

கனி பிள்ளையை மடியில் வைத்திருந்தாள். நாவிதர் பாதித் தலையை வழித்திருந்தார். "வந்துட்டியா எக்கா, இந்தா பிடிச்சுக்கோ, அழுதுக்கிட்டே இருக்கான்" என்று நீட்டினாள். பிடித்தேன். பிடித்தவள் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். ஆற்றைக் கடந்து, கரையேறி, மேட்டில் இருக்கிற புளியமரம் வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

கனி கத்திக்கொண்டே பின்னால் ஓடி வந்தாள். அவள் பின்னால் மாமியார், மாமியாருக்குப் பின்னால் நாவிதர் கத்தியோடு. முடியிறக்கு பாதியில் நின்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று மாமனார் சாதிசனத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார், என்னைப் பிய்த்துப் போட. என்ன நடக்கிறதென்று வேடிக்கை பார்க்க மிச்சப் பேர் வந்தார்கள். மேளக்காரர்கூட வந்துவிட்டார். கடைசியில் கோமரத்தாடிக்கு எதிரில் ஆளில்லை. வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவரும் ஏறி வந்தார், என்னைச் சபிப்பதற்கு.

"ஒனக்குப் பைத்தியமாளா? எங்க மாமியா முன்னால என்ன இப்படி அசிங்கப்படுத்திட்டியே" என்று கனி அழுதாள். என் தோளில் பிள்ளை ஒரு பக்கம் முடியும் ஒரு பக்கம் மொட்டையுமாகத் தூங்கிப்போனான். ஏச்சு முழுவதையும் வாங்கிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வராமல் போனால் நாளைக்கு எந்த முகத்தோடு எழுந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வராமல் போகட்டும் என்றும் நினைத்தேன்.

அம்மனுக்கு வைத்த படப்புச் சோறு வீணாகிறதே என்று நாலைந்து ஆம்பிளைகள் திட்டுக்குத் திரும்ப வேட்டியை மடித்துக் கட்டினார்கள். அப்போது குருவிச் சத்தம் நின்றுபோனது. ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறியது, டீ மாதிரி. மடித்துக் கட்டினவர்கள் அப்படியே நின்றார்கள்.

பிறகு வந்தது. வெயில் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை, ஆறு மரங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறது. திட்டு, பந்தல், வில், குடம், அடுப்பில் இருந்த அண்டா, கட்டியிருந்த கிடாய்கள், எல்லாம் போயிற்று. அம்மனின் கோபுர உச்சி மட்டும் கொஞ்ச நேரம் தெரிந்தது. கோமரத்தாடி வேலைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். கனி என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

எல்லோரையும் எண்ணினார்கள். ஆள் ஒன்றும் குறையவில்லை.

சாயங்காலம் அணைக்கு வந்து படித்துறையை எட்டிப் பார்த்தேன். படிகள் எல்லாம் முழுகியிருந்தன. மேல்சுவரில் ஈரம் ஏறி இறங்கின கோடு தெரிந்தது. ஐம்பத்தொன்று.

ஆகஸ்ட் 13, புதன்

போன் ஓயவில்லை. பெரிய என்ஜினீயர் பேசினார். மலைக்கு மேல் மழை பெய்ததை இங்கிருந்தே எப்படி அனுமானித்தாய் என்று கேட்டார். தண்ணீர் நிறத்தைப் பார்த்தேன் என்று ஏதோ சொன்னேன். நல்லதும்மா, சுதந்திர தினத்தன்று சான்றிதழ் உண்டு, காண்ட்ராக்ட் பற்றிக் கவலைப்படாதே என்றார்.

அடுத்தவன் சோற்றைத் தின்ற மாதிரி இருக்கிறது. அது நான் போட்ட அளவில்லை என்று சொல்லக்கூட மாசானம் அண்ணாச்சியை விட்டால் எனக்கு ஆளில்லை.

இன்றைய குறிப்பு: 'சாப்பாடு பாதியில.' வேறொன்றும் இல்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சான்றிதழ் வாங்கினேன். ஆபீஸ் அலமாரியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

எல போடலாம் அண்ணாச்சி என்றேன். இப்போது மாசானம் அண்ணாச்சி தயங்குகிறார். "யோசிச்சுக்கோ தாயீ. அவன் வயிறு நெறஞ்சு போயிட்டான்னா, அடுத்த தடவ சொல்லுததுக்கு ஆளில்ல. ஐப்பசி வருது, கார்த்திக வருது. கீழ எத்தன ஊரு இருக்கு."

நானும் ராத்திரி முழுக்க இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படியே இருந்துவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? அளவு தானாகப் போகிறது. ஆபத்து வந்தால் தெரிந்துவிடும். எனக்குப் பேரும் கிடைக்கிறது. ஆனால் அந்த மனுசன் எங்கேயோ எச்சில் கையோடு உட்கார்ந்திருக்கிறார். என் அவசரத்தால். நூற்றைம்பது பேரைக் கரையேற்றிவிட்டு, மறுநாளும் அதே இரண்டு வார்த்தையைத்தான் எழுதுகிறார்.

"ஒரு மனுசனப் பாதிப் பந்தியில நிறுத்தி வச்சு வேல வாங்க என்னால முடியாது அண்ணாச்சி" என்றேன்.

ஆகஸ்ட் 16, சனி

இன்றோடு ஆடி முடிகிறது. விடியும் முன்னே எழுந்து நானே சமைத்தேன். சோறு, வாழைக்காய்ப் பொரியல், மொச்சை. அவருக்குப் பிடிக்கும் என்று அண்ணாச்சி சொன்னதால் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். கனி கொடுத்து அனுப்பின அச்சுமுறுக்கு இரண்டு. ஒரு கட்டு பீடி.

போன தடவை இருந்த அதே இடத்தில் இலையைப் போட்டேன். பரிமாறும்போது, "இசக்கியப்பன் அண்ணாச்சி, நான் பிரம்மசக்தி. அன்னைக்குக் கோவத்துல தெரியாமத் தெறந்துட்டேன். இன்னைக்கு யாரும் வரமாட்டாவ. மெதுவாச் சாப்பிடுங்க" என்றேன். சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. பார்த்திராத ஒரு மனுசனுக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. விளக்கை ஏற்றிக் கதவைச் சாத்தினேன்.

நானும் மாசானம் அண்ணாச்சியும் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு குரங்கு வந்தது, அண்ணாச்சி கல்லெடுத்து விரட்டினார். கிழக்கே வெளுத்தது. ஆறு மணிக்கு அண்ணாச்சி தலையை அசைத்தார். நான் எழுந்துபோய்க் கதவைத் தட்டினேன். கொஞ்சம் நின்றேன். மறுபடி தட்டினேன். பிறகுதான் திறந்தேன்.

விளக்கு அணையவில்லை. இலை வைத்தபடியே இருந்தது.

ஜெரால்டு சொன்ன வரி எழுதின காலண்டர்த் தாள் கையில் இருந்தது. அதை அடிக்குமுன் எதற்கும் பார்ப்போம் என்று பிரவுசரை ஒரு தடவை அமுக்கினேன். பெட்டி வரவில்லை. பிரவுசர் திறந்துவிட்டது. நேரே அளவு ஏற்றுகிற பக்கத்துக்கே வந்து நின்றது. இன்றைய தேதி. அளவுக் கட்டம் காலி. குறிப்புக் கட்டத்தில் மட்டும் ஒரு வார்த்தை இருந்தது.

சாப்பிட்டாச்சு.

அதை அழிக்க மனசு வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன். நாற்பத்தேழு புள்ளி எட்டு. வந்து என் கையால் கட்டத்தில் போட்டு அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"என்னம்மா, இன்னைக்கு அளவு லேட்டு. என்னைக்கும் ஆறு மணின்னா டாண்ணு வந்துருமே" என்றார் பரமார்த்தலிங்கம் சார்.

"இனிமே நான் எறங்கிப் பாத்துட்டு வந்துதான் சார் போடணும். கொஞ்சம் முன்ன பின்ன ஆகும்."

"இதுக்கு மின்ன யாரு பாத்தா?" என்று சிரித்தார். "சரி, குறிப்புல 'சாப்பிட்டாச்சு'ன்னு போட்டிருக்கியே. விடிஞ்சும் விடியாம என்னம்மா சாப்பாடு?"

மாசானம் அண்ணாச்சி இலையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். கூரைமேல் காக்காய்கள் கத்தின.

"கருவாட்டுக் குழம்பு சார்" என்றேன்.